தேரி மண் நிறத்தில் ஒரு யானைக்குட்டி

1

இந்தக் கதை நாற்பது நொடி வீடியோ ஒன்றிலிருந்து வந்தது. யானைக் கூட்டம் பாதையைக் கடக்கிறது. தாயின் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி, தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டிக்கொண்டே வந்து தடுக்கி விழுகிறது. படமெடுத்தவன் ரோச், திரேஸ்புரத்துக்காரன், சரக்குக் கப்பலில் சமையல்காரன். மொம்பாசாவில் கப்பல் நின்றபோது ஒருநாள் காட்டைப் பார்க்க அழைத்துப்போனார்கள். அவன் குரல் கேட்கிறது.

"ஏளா அல்போன்சா, இங்கன பாரு! நம்ம தேரி மண்ணுல பொரண்டாப்புல எம்புட்டுச் செவப்பு! ஒன்னய மாதிரியே விழுந்து விழுந்து எந்திக்கி!"

அல்போன்சா அவன் மகள். ஆறு வயது. வீடியோ வந்தபோது அவளைப் புதைத்து நான்கு நாள் ஆகியிருந்தது.

(இந்த வரியைக் கடைசியில்தான் வைத்திருந்தேன். உங்களைத் திடுக்கிட வைக்க ஒரு பிள்ளையின் சாவை ஒளிப்பதா என்று வெட்கமாகிவிட்டது. ஒளிப்பதற்கு ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.)

2

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். கப்பலில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை. சுற்றிலும் தண்ணீர், தோளைத் தொட ஆளில்லை. துக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? மூன்றே நாள் காய்ச்சலில் பிள்ளை போனதும் ரோச்சின் அண்ணன் முதலில் சொன்னது இதைத்தான்: "தம்பிக்குத் தெரியப்படாது. அவன் வந்து எறங்கட்டும்."

ரோச்சின் மனைவி ரீனா தலையாட்டினாள். ரீனாவின் கண்களில்

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். அவளை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். முடியவில்லை.)

3

ஆகவே அவள் தம்பி கிளாட்வினைப் பிடித்துக்கொள்கிறேன். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை. கொஞ்சம் கதையும் எழுதுவான். அதனாலேயே ரோச்சுக்குப் பதில் போட அக்காவின் போனை அவன் கையில் கொடுத்தார்கள். வீடியோக்கள் வந்துகொண்டே இருந்தன: புல்லில் கட்டிப் புரளும் சிங்கக்குட்டிகள், கால் நடுங்க நிற்கும் வரிக்குதிரைக் குட்டி. 'புள்ள என்ன சொல்லுதா?' என்று ரோச் கேட்டிருந்தான்.

ரீனா எழுதுவதுபோல் கிளாட்வின் எழுதினான்: 'யானைக்குட்டி பேரு என்னன்னு கேக்கா.'

'அல்போன்சான்னே வச்சாச்சுன்னு சொல்லு. அவ வாயால ஒரு வார்த்த அனுப்பு.'

போனில் பழைய குரல்பதிவு ஒன்று இருந்தது. ஈஸ்டருக்குப் பிள்ளை பேசி, அனுப்பாமல் விட்டது. "அப்பா, வெரசா வாங்கப்பா." நான் அதை

கிளாட்வின் அதை அனுப்பினான்.

4

அங்கே நிறுத்தியிருக்கலாம். ருசி கண்ட பூனை நிறுத்துமா? வீடியோ காலில் கூப்பிட்டபோதெல்லாம் 'தூங்குதா', 'பள்ளிக்கூடம் போயிருக்கா' என்று எழுதினான். பிள்ளை கூப்பிட்டுவிட்டாளே என்று ரோச் ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கேப்டனிடம் கெஞ்சினான். ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கையில் மாற்று ஆளும் கிடைத்துவிட்டான். வியாழக்கிழமை வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறான், மரத்தில் செதுக்கிய யானைக்குட்டியோடு.

ரீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆமாம், நான்தான். கிளாட்வின் என் பெயர். இனி ரோச்சை அத்தான் என்றே சொல்கிறேன்.

"அவ சத்தத்தயாலே எடுத்துக் குடுத்த?" என்றாள் அக்கா. "நானே அத இன்னும் ஒருக்காக்கூடக் கேக்கல. கேக்கதுக்குத் தெம்பு வரட்டும்னு வச்சிருந்தேன்."

அவள் அழவில்லை. "எழுதுனவன் நீதான. நீயே போயி அவுககிட்டச் சொல்லு."

5

முடிவு ஒன்று: என் முகத்தைப் பார்த்தே அத்தான் புரிந்துகொள்கிறார். (கோழையின் முடிவு.)

முடிவு இரண்டு: வண்டி நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறது. நான் வாயே திறப்பதில்லை.

முடிவு மூன்று: அவர் என்னை அடிக்கிறார். இதைத்தான் அதிகம் திருத்தினேன். எனக்கு வேண்டியதும் இதுதான்.

இன்று வியாழன். விமான நிலையத்துக்கு வெளியே நின்று இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அத்தான் வருகிறார். கறுத்திருக்கிறார். சிரிக்கிறார். எனக்குப் பின்னால், என் இடுப்பு உயரத்தில், யாரையோ தேடுகிறார்.

"எங்கலே அவ?"

நான் சொன்னால் அதையும் நன்றாகச் சொல்லிவிடுவேன். அதுதான் பயமாக இருக்கிறது. இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு எல்லாம் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது.

நீங்கள் சொல்லுங்கள்.