முத்துப்பேச்சிக்குப் பிடிபட்ட எழுத்து

நாலாம் வகுப்புக்கு வந்தும் முத்துப்பேச்சிக்கு ஒரு வரி வாசிக்க வரவில்லை. காதில் விழுந்ததை மறக்காத பிள்ளை. மற்றவர்கள் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டே பாடத்தை மனப்பாடம் செய்து, புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோல ஒப்பித்து வந்தாள். ஒருநாள் தலைமையாசிரியர் பொன்னுராஜ் வேறு பக்கத்தை விரித்துக் கொடுத்தார். அவள் பழைய பாடத்தையே கணீரென்று சொன்னாள். வகுப்பே சிரித்தது.

"ஏட்டி, கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று பிரம்பை எடுத்தார்.

அன்றிலிருந்து அவள் பெயர் 'டேப் ரிக்கார்டர்'. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் அவளை முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்வார். பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்தார்கள்.

தொண்ணூற்றிரண்டு தை மாதம் ரத்தினம் டீச்சர் அந்த ராஜபாளையம் பள்ளிக்கு மாற்றலாகி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். வாய்க்கணக்கை நொடியில் சொல்லும் பிள்ளைக்கு எழுத்தைக் கண்டால் வியர்ப்பதைக் கவனித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தட்டில் மணலைப் பரப்பி, அவள் விரலைப் பிடித்து எழுதவைத்தார்.

"கண்ணுக்குக் கொம்பு முதல்ல தெரியும். வாயில அது பொறவுதான் வரும். அவசரப்படாத."

இதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கொம்பைத் தனி எழுத்தென்று நினைத்தே இத்தனை நாள் திணறியிருந்தாள். பங்குனி வாக்கில், தடவித் தடவி, 'தென்னை' என்று வாசித்தாள். யாரும் கேட்காமலே இன்னொரு தடவையும் வாசித்தாள்.

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே அவளோடு வீட்டுக்கு வந்தார். அப்பா ஐயாதுரை மில் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா செல்லத்தாயைப் பெண்பார்த்துப்போன தேவதானத்துக்காரர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்ற கவலை அந்த வீட்டில்.

"புள்ளை மக்கு இல்லைங்க. டிஸ்லெக்சியான்னு மதுரையில டிரெயினிங்ல சொன்னாங்க. மூளை எழுத்தைப் பாக்குற விதம் கொஞ்சம் வேற..."

"மூளையா?" ஐயாதுரையின் கை தட்டில் நின்றது.

"பொறவியிலேயே வாரதுதான். சில குடும்பத்துல..."

"செத்த மெதுவாப் பேசுங்க டீச்சர்." அம்மா வெள்ளைத்தாய் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"மூளையில கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா மூத்தவளை எவன் கட்டுவான்?" என்றார் ஐயாதுரை. "மக்குன்னாக்கூடப் பரவால்ல. ஊர்ல பாதிப் புள்ளைக மக்குதான்."

"கோளாறு இல்லைங்க. இப்ப வாசிக்கிறா. நீங்களே கேளுங்க."

அவர் பேப்பரை எடுத்து மகள் முன்னால் போட்டார். முத்துப்பேச்சி விரலை வைத்தாள். முதல் சொல்லிலேயே கொம்பு. டீச்சர் சொன்னதுபோல நிதானித்தாள்.

"பெ... ரி... ய..."

அடுத்த சொல்லுக்கு விரல் நகருமுன் எச்சில் கையாலேயே அறைந்தார். கன்னத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டது.

"இதுதான் வாசிக்கிறதா? இதுக்கா பைத்தியக்காரப் பட்டம் கட்ட வந்தீக?"

டீச்சர் தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

மறுவாரம் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பேண்டேஜ் துணி நெய்யும் தறி செட்டில் நூல் சுற்ற விட்டார்கள். 'டேப் ரிக்கார்டர் ரிப்பேராப் போச்சு' என்று பொன்னுராஜ் சார் பிரார்த்தனையில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்தார்.

ரத்தினம் டீச்சர் மறுபடி வீட்டுக்கு வந்து கெஞ்சினார். அவர் போனதும் வெள்ளைத்தாய்க்கு அடி விழுந்தது, டீச்சரை உள்ளே விட்டதற்காக. பிறகு ஒருநாள் டீச்சர் செட்டுக்கே வந்து, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வா முத்துப்பேச்சி. நீ வாசிச்சிருவ. எனக்குத் தெரியும்."

முத்துப்பேச்சி ராட்டையை நிறுத்தவில்லை. "இனிமே வராதீய டீச்சர். நீங்க வந்தா எங்கம்மாவுக்கு அடி விழுது."

டீச்சர் வரவேயில்லை.

ஆவணியில் செல்லத்தாய்க்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் சம்பந்தியம்மா, "சின்னவ என்ன படிக்கிறா?" என்று கேட்டாள்.

"அவளுக்குப் படிப்பு ஏறல. சுத்த மக்கு" என்றார் ஐயாதுரை. சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை நிம்மதி.

பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி, தலை நிமிராமல் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.