இரண்டு மணிக்கு வந்த அம்மா

யோசனை இந்த வருடம் பட்டம் வாங்கும் நெரைடாவுடையது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்களுக்கான லத்தீனோ மையத்தில் எல்லோரும் அதைக் கேட்டுக் கைதட்டினார்கள். போன வருடம் பட்டமளிப்பு விருந்துக்குப் பாதிச் சனம் ஒரு மணி நேரம் கழித்து ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. நம் ஆட்களைப் பற்றி நமக்குத் தெரியாதா? விழா மூன்று மணிக்கு, அழைப்பிதழில் இரண்டு என்று போட்டுவிடலாம் என்றாள். மையத்து இயக்குநர் கிராசியேலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மா எவுலாலியாவிடம் மட்டும் உண்மை நேரத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டதாகவே நெரைடா நினைத்துக்கொண்டிருந்தாள். பரீட்சை, அச்சகம், நாற்காலி வாடகை என்று அலைந்ததில் அது விட்டுப்போயிற்று.

சனிக்கிழமை இரண்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எவுலாலியா வாசலில் நின்றாள். உள்ளே மேஜைகளுக்கு விரிப்புகூடப் போட்டாகவில்லை. பூப்போட்ட கவுனுக்குக் கீழே அவள் வேலை பார்க்கும் கோழி வெட்டும் தொழிற்சாலையின் ரப்பர் பூட்ஸ். கையில் அவளே பூவேலை செய்த துண்டு. பட்டம் வாங்கும் பிள்ளையின் தோளில் வீட்டார் துண்டு போடுவதுதான் அந்த விழாவுக்கு உயிர். நான்கு வருடமாக மற்றவர்களுக்கு நாற்காலி போட்டபடியே தன் முறைக்காகக் காத்திருந்தவள் நெரைடா.

சூப்பர்வைசர் ஒன்றரை மணி நேரம்தான் விட்டிருக்கிறார், மூன்று மணிக்கு வேலையில் நிற்காவிட்டால் வேலையே போய்விடும் என்றாள் எவுலாலியா. நெரைடா தலையைக் குனிந்தபடி உண்மையைச் சொன்னாள்.

"யாரும் நேரத்துக்கு வரமாட்டாங்கன்னு நாந்தாம்மா அப்படிப் போடச் சொன்னேன்."

அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பத்தொம்பது வருஷமா அந்தக் கோழிங்களுக்கே ஒரு நாள் லேட்டா போனதில்ல. உனக்கா கண்ணு லேட்டா வருவேன்?"

நெரைடா அழுதுவிட்டாள். மேடையில் பூ கட்டிக்கொண்டிருந்த கிராசியேலாவின் காதில் அது விழுந்தது. அவள் பூவை அப்படியே போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தாள். விரிப்பும் கையுமாக நின்ற நான்கு மாணவர்களையும் முன்வரிசையில் உட்காரச் சொன்னாள். எவுலாலியாவின் மகள் நெரைடா ஒகாம்போ என்று காலி நாற்காலிகளைப் பார்த்து முழங்கினாள்.

கோழி வெட்டி வெட்டி மரத்துப்போன விரல்கள் எவுலாலியாவுக்கு. துண்டைப் போட்டு, மடிப்பை நீவி, திருப்தியில்லாமல் மறுபடி நீவினாள். போகும் நேரம் வந்தும் மகளின் தோளிலிருந்து கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நெரைடாவுக்கும் விட மனமில்லை. கிராசியேலாதான் சோளமாவில் அவித்த தமாலே இரண்டைச் சூடாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்து எவுலாலியாவைப் பேருந்துக்கு அனுப்பினாள்.

மூன்றேகாலுக்கு மண்டபம் நிறைந்து விழா தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் வெறும் தோளோடு, பின்னால் ஒரு குடும்பப் பட்டாளத்தோடு மேடை ஏறியது. நெரைடாவின் பெயர் வந்தபோது அவள் தனியாக ஏறினாள், தோளில் துண்டோடு. வீட்டில் யாரும் வரவில்லையா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் மைக்கை வாங்கினாள்.

"எங்கம்மா வந்துட்டுப் போயிட்டாங்க. நாமதான் லேட்டு."