மொக்கைச்சாமி புள்ளி மணிமேகலை

இளஞ்செழியன் சார் பலகையில் எழுதிய முதல் மின்னஞ்சல் முகவரிக்கே வகுப்பு சிரித்துவிட்டது. ‘கூல் கஸ்பார்’ என்று ஆரம்பித்தது அது. அடுத்தது ‘ஸ்வீட் ஏஞ்சல்’.

திண்டுக்கல்லுக்கு வெளியே புதிதாக எழும்பியிருந்த தனியார் கல்லூரி அது. பி.காம். மூன்றாம் ஆண்டுக்கு வணிகக் கடிதப் பாடத்தோடு மின்னஞ்சலையும் சேர்த்திருந்தார்கள். சார் சென்னையில் ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். வெயில் கொளுத்தினாலும் டை கட்டாமல் வகுப்புக்கு வரமாட்டார்.

“இப்படி முகவரி வச்சிருந்தா எவன் வேலை குடுப்பான்?” என்று கேட்டுவிட்டு மூன்றாவதை எழுதினார். மொக்கைச்சாமி, ஒரு புள்ளி, மணிமேகலை.

இந்தத் தடவை சிரிப்பு அடங்கவே இல்லை. பின்பெஞ்சில் ஒருவன் மேசையைத் தட்டினான்.

“மணிமேகலைன்னு எவ்வளவு அழகான பேரு! முன்னாடி எதுக்கும்மா இந்த மொக்கை?”

மணிமேகலை எழுந்து நின்றாள். “அது எங்கப்பா பேரு சார்.”

“அப்பா பேரு வீட்ல இருக்கட்டும். கம்பெனிக்காரன் பாத்தா சிரிப்பான். திங்கட்கிழமைக்குள்ள மாத்திட்டு வா.”

இதுவரை சிரித்த கம்பெனிக்காரன் யாரும் இல்லை, நீங்கள்தான் சிரிக்கிறீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டாள். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் அவள் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் மூட்டையை இறக்குவார்கள். அங்கே யாரும் சிரித்து அவள் கேட்டதில்லை.

திங்கட்கிழமை வந்தது, போனது. அவள் மாற்றவில்லை. பையன்கள் வராந்தாவில் அவளை ‘மொக்கை’ என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்த மாதம் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க, கல்லூரியிலிருந்து பெயர்களும் முகவரிகளும் போயின. மணிமேகலை தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கிதர் முகம்மதுவின் நெட் சென்டருக்குப் போய்ப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. நம்மைக் கழித்துவிட்டார்கள் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் அவள் தோழி ஐரின் வந்து கையைப் பிடித்தாள். “ஏன்டி நேத்து மதுரைக்கு வரல? திருப்பூர் கம்பெனி இன்டர்வியூல ஒம்பேர ரெண்டு தடவ கூப்ட்டாக.”

“எம்பேரா? எனக்கு மெயிலே வரலையே!”

இருவரும் நேரே சாரிடம் போனார்கள். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து எதையோ தட்டினார். ஒரு முகவரி வந்தது. மணிமேகலை, பிறகு ஏதோ எண்கள். அதில் அழைப்பு பிரிக்கப்படாமல் கிடந்தது.

“நீ மாத்தல. சரின்னு நானே புதுசா ஒண்ணு ஆரம்பிச்சு லிஸ்ட்ல போட்டேன். சொல்ல மறந்துட்டேன் போல.” அவர் சிரிக்கவே செய்தார். “விடும்மா, வேற கம்பெனி வரும்.”

மணிமேகலைக்குக் காதில் அனல் அடித்தது.

நெட் சென்டரில் உட்கார்ந்து அவள் முதலில் எழுதிய புகாரை ஐரின் படித்துவிட்டு, “இத அனுப்புனா ஒன்னயத்தான் திட்டுவாக. அழிச்சுரு” என்றாள். அழித்தாள். சார் சொல்லிக்கொடுத்தபடியே திரும்ப எழுதினாள். என்ன நடந்தது, அதனால் என்ன நஷ்டம், என்ன வேண்டும். வசவு ஒன்றுகூட இல்லை. கல்லூரி முதல்வருக்கு அனுப்பி, பிரதியை இளஞ்செழியன் சாருக்கும் போட்டாள். கம்பெனிக்கும் தனியாக ஒன்று எழுதினாள்.

கம்பெனியிலிருந்து மறுநாளே பதில் வந்தது. மரியாதையான பதில்தான். இடங்கள் நிரம்பிவிட்டன என்று இருந்தது.

முதல்வர் ஆண்டனிராஜ் கூப்பிட்டனுப்பினார். “அவரு ஒன் நல்லதுக்குத்தானம்மா செஞ்சாரு. வாபஸ் வாங்கிக்க. இது வெளிய போனா காலேஜுக்குத்தான் கெட்ட பேரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எம்பேர மாத்துறது எப்படி சார் நல்லதாகும்? எனக்கு வந்த வேலை போச்சு. காலேஜ் பேரு மட்டும் கெடக்கூடாதா?”

“சரி, என்னதான் பண்ணணுங்கிற?”

“எல்லாரும் இருக்கையில சிரிச்சாரு. எல்லாரும் இருக்கையில மன்னிப்புக் கேக்கட்டும்.”

முதல்வர் வெகுநேரம் பேசிப் பார்த்தார். அவள் நகரவில்லை.

புதன்கிழமை வகுப்பில் சார் வருகைப்பதிவு எடுத்து முடித்தார். யாரையும் பார்க்காமல், “அந்த முகவரி விஷயத்துல, சாரி” என்றார். மணிமேகலை எழுந்தாள். “யார்கிட்ட சார், எதுக்குன்னு சொல்லுங்க.” அவர் டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “மொக்கைச்சாமிங்கிற பேர நான் கேலி பண்ணியிருக்கக் கூடாது. ஒன்னக் கேக்காம முகவரிய மாத்தினதும் தப்பு.” உடனே புத்தகத்தைத் திறந்து, ஒரு மாணவனை வாசிக்கச் சொன்னார். அந்த வருடம் முழுக்க அவர் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சார் மன்னிப்புக் கேட்ட அன்று சாயங்காலம்தான் வீட்டில் சொன்னாள். அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“ஏந்தாயி, அவரு சொன்னப்பவே பேர எடுத்துருக்கலாம்ல? எம்பேரு இல்லாட்டி என்ன கொறஞ்சு போச்சு? வேல கெடச்சுருக்கும்ல?”

சாரிடம் உயராத குரல், முதல்வரிடம் உயராத குரல், அப்போது உயர்ந்தது. “நீ ஏம்ப்பா விட்டுக்குடுக்கணும்? தப்பு அவுக பண்ணிட்டு, எடுக்குறது ஒம்பேரையா? அவுகளுக்குத்தான் அறிவில்லன்னா ஒனக்குமா இல்ல?”

சத்தம் கேட்டு அம்மா பொன்னழகு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா கழுவிய காலையே திரும்பவும் கழுவினார்.

“சரி, கத்தாத” என்றார். “வேற எந்தக் கம்பெனிக்கு எழுதப் போற?”

“தெரியல” என்றாள் மணிமேகலை. கோபம் தணியாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.