ஐஸ் உடைத்தவள்

பெரியவளுக்கு ஒரு வருஷமாக ‘ஐஸ்கட்டி’ என்று பேர். அந்தப் பேர் வரக் காரணம் அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, சின்னவள். உட்கார்ந்து யோசித்து வைத்த பேர்கூட இல்லை. போகிற போக்கில் ஒரு வார்த்தையை விட்டாள், அது கோந்து தடவின மாதிரி ஒட்டிக்கொண்டது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து அச்சகம் நடத்துகிற வீடு அது. கீழே மிஷின்கள், முதல் மாடியில் பெரியவள் குடித்தனம், அதற்கு மேலே சின்னவள் குடித்தனம், உச்சியில் மொட்டை மாடி. வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில் ஒரு சாயங்காலம் வேலைக்காரர்களையும் வாடிக்கையாளர்களையும் மாடிக்குக் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். சாப்பாட்டை வெளியில் சொல்லிவிடுவார்கள். குடிக்கக் கொடுப்பது மட்டும் வீட்டில் செய்வது. பல வருஷமாக அது ஏதோ ஒரு கலர் தண்ணீராகத்தான் இருந்தது. பாதிப் பேர் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைப் பூந்தொட்டியில் ஊற்றுவார்கள். செடிகூட அதைக் குடித்து வாடிப்போனதுண்டு.

போன வருஷம் பெரியவள் பழ டீ பஞ்ச், அதாவது பழச்சாறும் பழத்துண்டும் கலந்த ஜில்லென்ற டீ, செய்தாள். சும்மா இல்லை. ஒரு மாதம் தினம் தினம் செய்து பார்த்து, ஊற்றி, மறுபடி செய்து, புருஷனைக் குடிக்கச் சொல்லிக் கொன்றிருக்கிறாள். “எனக்கு இப்ப ரத்தம் எடுத்தா டீதான்டி வரும்” என்று அவர் கையெடுத்துக் கும்பிடுகிற வரைக்கும் விடவில்லை. ஐஸ் விஷயம் அவளே கண்டுபிடித்தது. தண்ணீர் ஐஸ் போட்டால் உருக உருக டீ சப்பென்று ஆகிவிடும். அதனால் டீயையே ரொட்டி டின்னில் ஊற்றிக் கட்டியாக உறையவைத்து, துணியில் சுற்றி, சுத்தியலால் உடைத்துப் போடுவாள். கடைசிச் சொட்டு வரை ருசி குறையாது.

விருந்தன்று என்ன ஆயிற்று? பெரியவள் கீழே தன் சமையலறையில் வேர்க்க விறுவிறுக்க ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் புது உடுப்பும் பூப்போட்ட கைக்குட்டையுமாக மாடியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருஷா வருஷம் காலண்டர் அடிக்கிற பெரிய வாடிக்கையாளர், எல்லாரும் காலண்டர்க்காரர் என்றே சொல்லுவார்கள், இரண்டு டம்ளர் காலி செய்துவிட்டு, “யாரு கைப்பக்குவம்மா இது? தேவாமிர்தமா இருக்கே!” என்று கேட்டார்.

“என்னோடதுதான் சார்” என்றாள் சின்னவள். “பாவம் அக்கா, ஐஸ் உடைச்சுக் குடுத்தாங்க.”

சரியாக அந்த நேரத்துக்குத்தான் பெரியவள் முன்பக்கமெல்லாம் ஈரமாக, கையில் ஐஸ் பேசினோடு படியேறி வந்து நின்றாள். சனம் முழுக்கக் கைதட்டியது. அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிறவருக்கு வாய் சும்மா இருக்காதே, “வாங்க வாங்க, ஐஸ்கட்டி அக்கா!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னவள்தான் ரொம்பச் சிரித்தாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அச்சகத்தில் ஐஸ்கட்டி அக்கா. போனில் வாடிக்கையாளர்கள்கூட, “ஐஸ்கட்டி அம்மா நல்லா இருக்காங்களா?” சின்னவளுக்கோ தலையில் கிரீடம் இல்லாத குறைதான். போகிற இடமெல்லாம் ‘டீ பஞ்ச் புகழ்’.

பெரியவள் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

“அட விடுடி. குடிச்சாச்சு, டம்ளரும் கழுவியாச்சு. ஒரு டீக்குப் போய் சண்டை போட்டோம்னா நாலு பேரு சிரிப்பான்.”

“ஏற்கெனவே நாலு பேரு சிரிச்சுட்டுத்தானே இருக்கான்!”

“அது வேற சிரிப்பு.”

அதில்தான் இருந்தது வினை. ‘அது நான் செய்தது’ என்று இப்போது போய்ச் சொன்னால் அற்பம் மாதிரி இருக்கும். சொல்லாமல் இருந்தால் நெஞ்சுக்குள் ஆணி மாதிரி குத்தும். பெரியவள் சொல்லவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. ஒரு வருஷம் காத்திருந்தாள். மனசுக்குள் சின்னவளை எத்தனை தடவை மொட்டை மாடியில் நிற்கவைத்து, எத்தனை விதமாகத் தலைகுனிய வைத்தாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது.

இந்த வருஷம் விருந்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சின்னவள் இறங்கி வந்தாள். வாயெல்லாம் சர்க்கரை.

“அக்கா, காலண்டர்க்காரர் போன் பண்ணாருக்கா. அந்த டீ உண்டான்னு முதல் கேள்வி! நானும் கண்டிப்பா உண்டு சார், நானே பண்றேன்னு சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா? நல்லதாப் போச்சு.”

“அது என்னன்னா… போன தடவ நான் கலக்கத்தான் செஞ்சேன், ஒவ்வொண்ணா எப்படிப் போட்டோம்னு சரியா ஞாபகம் இல்ல. நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டினா போதும். அப்புறம் உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நீங்க ஐஸ மட்டும் பாத்துக்கோங்க.”

ஐஸை மட்டும்! பெரியவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அப்படியே ஏறினதை இறக்கி, முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டாள்.

“அதுக்கென்னடி தங்கம், நாளைக்குச் சாயங்காலம் வா. ஒண்ணு விடாம காட்டுறேன்.”

ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்த மாமியார், ‘தங்கம்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் விசிறுவதை நிறுத்திவிட்டு மூத்த மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் மறுபடி விசிறினாள்.

மறுநாள் சாயங்காலம் பாடம் நடந்தது. பெரியவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். கொதித்த தண்ணீரை இறக்கி வைத்துத் தேயிலையைப் போட்டாள். “பிழியக் கூடாது, பிழிஞ்சா கசக்கும். தானா வடியட்டும்” என்றாள். சூடு இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்தாள். “நல்லா ஆறினப்புறம்தான் ஃபிரிட்ஜு. அவசரப்பட்டு உள்ள வெச்சா கலங்கிப்போயிரும்.” ஆரஞ்சுச் சாறு பிழிந்தாள். ஆப்பிளைப் பொடியாக நறுக்கினாள், திராட்சையை இரண்டாகக் கீறிப் போட்டாள், புதினாவைக் கையில் ஒரு தட்டுத் தட்டிப் போட்டாள். சின்னவள் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் ஆரஞ்சையும் எலுமிச்சையையும் தோலோடு வட்டம் வட்டமாக நறுக்கி மேலே மிதக்கவிட்டாள்.

“அழகா இருக்குக்கா! இதுதான் வாசனைக்கா?”

“தோல்லதானேடி வாசனையே இருக்கு.”

“நைட்டெல்லாம் ஊறணும், இல்ல?”

“பாத்திரம் நைட்டெல்லாம் ஃபிரிட்ஜுல இருக்கணும். காலைல வந்து குடிச்சுப் பாரு.”

சின்னவள் சந்தோஷமாக மாடியேறிப் போனாள். அவள் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பெரியவள் அரை மணி நேரம் பாத்திரம் கழுவினாள். அப்புறம் பஞ்ச் பாத்திரத்தைத் திறந்து, மிதந்த வட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பையில் போட்டாள். அரை மணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூட அந்தத் தோல் டீயில் கிடக்கக் கூடாது. வாசனை முதலில் இறங்கும், அப்புறம் தோலுக்கு உள்பக்கம் இருக்கிற வெள்ளைச் சதையிலிருந்து கசப்பு இறங்கும். ராத்திரி முழுக்கக் கிடந்தால் மருந்து குடிக்கிற மாதிரி ஆகிவிடும். போன வருஷம் அதற்கே ஒரு வாரமும் ஒரு கூடை ஆரஞ்சும் போயிருக்கிறது அவளுக்கு.

திரும்பினால் வாசற்படியில் மாமியார்.

“என்ன, எடுத்துட்டே?”

“வாசனைக்குப் போட்டது அத்தை. வேலை முடிஞ்சுது.”

“அவ இருக்கறப்பவே எடுத்திருக்கலாமே.”

“அவசரமா போயிட்டா.”

மாமியார் குப்பைக்கூடையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். “எனக்குக் கண்ணு வேற சரியாத் தெரியறதில்ல” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

காலையில் சின்னவள் வருவதற்கு முன்னாலேயே பெரியவள் புதிதாக நறுக்கிய வட்டங்களை மேலே மிதக்கவிட்டிருந்தாள். பரிமாறும்போது அழகுக்குப் போடுவதுதான் அது, எப்போதும் செய்வதுதான். சின்னவள் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, “அய்யோ அக்கா, அப்படியே அதே ருசி!” என்றாள். ராத்திரி பார்த்த வட்டம், காலையில் பார்த்த வட்டம். நடுவில் என்ன நடந்தது என்று ஏன் கேட்கப்போகிறாள்?

கேட்டிருந்தால் பெரியவள் சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்கமாட்டாள்.

விருந்து நாள் வந்தது. முந்தின நாளே சின்னவள் பெரிய அண்டா நிறையச் செய்து, வாடகைக்கு எடுத்த ஃபிரிட்ஜில் ஏற்றிவிட்டாள். படத்தில் நன்றாக விழவேண்டும் என்று ஆரஞ்சு வட்டத்தையும் எலுமிச்சை வட்டத்தையும் இரண்டு மடங்காகப் போட்டிருந்தாள். ருசி பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கவேண்டும்? அதுதான் அக்கா வீட்டில் பார்த்தாயிற்றே.

மாடியில் சனம் நிறைந்தது. பெரியவள் இந்தத் தடவை கீழே இல்லை. பச்சைக் கல் தோடு போட்டுக்கொண்டு, முதல் வரிசை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன ஐஸ்கட்டி அக்கா, இன்னைக்கு ஐஸ் உடைக்கலியா?” என்றார் பைண்டர்.

“உடைச்சாச்சு. இனிமே உருகறத வேடிக்கை பாக்க வேண்டியதுதான்.”

முதல் டம்ளர் காலண்டர்க்காரருக்கு. ஒரு பெரிய மடக்கு குடித்தார். அந்த மடக்கு தொண்டையில் இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது வெளியிலிருந்தே தெரிந்தது. கண் கலங்கியது. கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, “உடம்புக்கு… நல்லதோ?” என்று கேட்டார்.

அதற்குள் டம்ளர் பத்துப் பேர் கைக்குப் போய்விட்டது. ஒருத்தர் முகம் எலுமிச்சம்பழமாகச் சுருங்கியது. ஒருத்தர் நைசாகப் பூந்தொட்டிப் பக்கம் நகர்ந்தார். “வேப்பெண்ணெய் எதுவும் தவறி விழுந்துருச்சாம்மா?” என்றார் பைண்டர். கொழுந்தன் தன் பெண்டாட்டியை முறைத்தான். சின்னவள் ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவள் அந்த முகத்தை ஆற அமரப் பார்த்தாள். ஒரு வருஷமாக மனசுக்குள் வரைந்து வரைந்து பார்த்த முகம். வரைந்ததைவிட நன்றாகவே வந்திருந்தது. நடுவில் ஒரு துளி இரக்கம் எட்டிப்பார்த்தது. ‘பாவம் அக்கா, ஐஸ் உடைச்சுக் குடுத்தாங்க’ என்பதை நினைத்துக்கொண்டாள். இரக்கம் வந்த வழியே போய்விட்டது.

ஆனால் சின்னவள் லேசுப்பட்டவள் இல்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். பெரியவளின் சிரிப்பைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று முழுசாகப் புரியாவிட்டாலும், யார் வேலை என்று புரிந்துவிட்டது. உடனே குரலை உயர்த்தினாள்.

“என்னை யாரும் எதுவும் சொல்லாதீங்கப்பா! இது முழுக்க முழுக்க அக்கா சொல்லிக்குடுத்தது. அவங்க பக்குவம், அவங்க அளவு. போன வருஷமும் அவங்கதான் செஞ்சாங்க, நான் சும்மா கூட நின்னவதான். என்ன கேக்கணும்னாலும் அவங்களையே கேளுங்க!”

எல்லார் தலையும் பெரியவள் பக்கம் திரும்பியது. புருஷன் மெதுவாக நாற்காலியில் சரிந்தார்.

பெரியவள் இதை எதிர்பார்க்கவில்லை, உண்மை. சின்னவள் சொன்ன வார்த்தைகளை ஒரு தடவை உள்ளே ஓட்டிப் பார்த்தாள். ஒரு வருஷம் தவம் கிடந்தாலும் வராத வார்த்தை, மாடி நிறைய ஆள் வைத்துக்கொண்டு, தானாகவே வந்து விழுந்திருக்கிறது! எழுந்து நின்றாள்.

“எல்லாரும் கேட்டீங்கல்ல? போன வருஷம் நீங்க குடிச்சது நான் செஞ்சது. அவளே சொல்லிட்டா, நான் சொன்னா நம்பமாட்டீங்க. சார், நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேன்மா” என்றார் காலண்டர்க்காரர், இன்னும் நாக்கைத் துடைத்துக்கொண்டு.

“அப்ப சரி. என் கையால செஞ்சது கீழ இருக்கு. ஏங்க, நீங்களும் பைண்டரும் போய் எடுத்துட்டு வாங்க. ஃபிரிட்ஜுல மேல் தட்டுல ரெண்டு கேன்.”

கேன்கள் வந்தன. செம்புத்தகடு மாதிரி தெளிவான நிறம். துளிக்கூடக் கலங்கல் இல்லை, மேலே ஒரு தோல் வட்டம்கூட மிதக்கவில்லை. கூடவே ரொட்டி டின்களில் டீக்கட்டி, ஒரு துணி, ஒரு சுத்தியல்.

“அத இங்க வைங்க” என்றாள் பெரியவள். அப்புறம் சின்னவளைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ரொம்ப அன்பாக, “வாடி தங்கம். நான் ஊத்துறேன், நீ ஐஸ் உடை” என்றாள்.

சின்னவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான். மாமியாரைப் பார்த்தாள். “எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, ஆனா காது கேக்குது. சொன்னதச் செய்” என்றாள் மாமியார்.

புது உடுப்போடு சின்னவள் தரையில் உட்கார்ந்தாள். துணியைச் சுற்றினாள். முதல் அடி வழுக்கிக்கொண்டு போனது, இரண்டாவது அடியில் டீத்தண்ணீர் தெறித்து உடுப்பின் முன்பக்கம் நனைந்தது. பைண்டருக்கு வாய் சும்மா இருக்காதே.

“போடுங்க போடுங்க, ஐஸ்கட்டி அண்ணி!”

மாடியே அதிர்ந்தது. பெரியவள் சிரிக்கவில்லை. நிதானமாக மொண்டு மொண்டு ஊற்றினாள். காலண்டர்க்காரர் மூன்று டம்ளர் குடித்தார். மாமியார் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினாள்.

கூட்டம் குறைந்ததும் சின்னவள் உடைத்த கடைசி பேசினைக் கொண்டுவந்து வைத்தாள். விரலெல்லாம் குளிரில் சிவந்திருந்தது.

“எத்தனை நேரம் அக்கா?” என்றாள் தாழ்ந்த குரலில். “அந்தத் தோலு. எத்தனை நேரம் கிடக்கணும்?”

பெரியவள் கரண்டியைக் கழுவித் துடைத்து, தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அடுத்த வருஷமும் நல்லா உடை. அப்புறம் யோசிக்கிறேன்.”