வீட்டில் மூன்று ஓட்டு

கிள்ளானில் தன் வீட்டில் மூன்று ஓட்டு இருப்பதாகக் கட்சிக்காரர்களிடம் கிரிகரி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி ஒரு வாரமாகிறது. ஒன்று அவருடையது. ஒன்று பத்தொன்பது வயது மகள் நடாலியுடையது. மூன்றாவது, ஐம்பது தாண்டி இப்போதுதான் முதன்முதலாக ஓட்டுப் போடப்போகும் மனைவி சாந்தமேரியுடையது. முன்பெல்லாம் நாமாகப் போய்ப் பதிந்தால்தான் ஓட்டு. பதியலாமா என்று அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம், "நான்தான் போடுறேன்ல, பத்தாதா?" என்று கிரிகரி பேச்சை முடித்துவிடுவார். இப்போது அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். பதினெட்டு வயதானால் பெயர் தானாக ஏறிவிடும். நடாலி மாதிரி பிள்ளைகளுக்காக வந்த திருத்தம்தான். போகிற போக்கில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டது. கிரிகரி அதைத் தடுக்க முடியுமா என்ன?

தடுக்க முடியாததால் பாடம் எடுத்தார். ஓட்டுச்சாவடியாகிவிட்ட பள்ளிக்கூடத்தின் வாசல்வரை எடுத்தார். "மேலருந்து ரெண்டாவது. மறந்துறாத. நான் கூடவே வரேன்." சாந்தமேரி தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து ஆட்டிப் பழகிய தலை, வலிக்கவா போகிறது? ஆனால் இந்த ஒரு காரியத்தையாவது யாரும் சொல்லித்தராமல் தானே செய்ய வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

வாசலில் நின்ற பெண் மூவரின் ஐசி அடையாள அட்டைகளையும் பார்த்தாள். "வயசுப்படிதான் ரூம், அங்கிள். நீங்க ஒண்ணாவது. ஆன்டி மூணு. தங்கச்சி கடைசி."

"கூடப் போக முடியாதா?"

"முடியாதுலா, அங்கிள்."

மூன்றாவது அறையில் அதிகாரி அவள் பெயரை உரக்கப் படித்தார். "சாந்தமேரி, ஆரோக்கியம் மகள்" என்று மலாயில். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படி நாலு பேர் நடுவே அவள் முழுப்பெயர் ஒலித்தது மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தபோதுதான். அன்று கிரிகரியின் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்று தனியாக வந்தது. அம்மாடி, எவ்வளவு நன்றாக இருந்தது! விரலில் மை வைத்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் அவளும் ஒரு பேனாவும்தான். மேலிருந்து இரண்டாவதைப் பார்த்தாள். மற்றவற்றையும் பார்த்தாள். அவசரமே படவில்லை.

எதிரே இருந்த தேநீர்க்கடையில் உட்கார்ந்ததும் கிரிகரி ஆரம்பித்தார். "சொன்னபடி போட்டியா?"

"போட்டேங்க."

"ரெண்டாவதுக்குத்தானே?"

சாந்தமேரி சிரித்தாள். நடாலி, "அப்பா, அதெல்லாம் கேக்கக்கூடாதுலா," என்றாள். கிரிகரிக்கு முகம் தொங்கிவிட்டது. கடைப்பையன் வந்ததும் வழக்கம்போல, "மூணு தே தாரிக்," என்றார்.

"எனக்கு வேணாம் தம்பி. மைலோ ஐஸ்."

கிரிகரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீ மைலோவா குடிப்ப?"

"எனக்கு அதுதாங்க பிடிக்கும்."

"சொன்னதே இல்லையே?"

"நீங்க கேட்டதே இல்லையே."

மைலோ வந்தது. அவள் நிதானமாக உறிஞ்சுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் ஒரு வாய் குடேன்," என்றார்.

சாந்தமேரி கிளாசை மேசை நடுவே நகர்த்தினாள். மை வைத்த விரலை மட்டும் அதிலிருந்து எடுக்கவில்லை.