மூன்று விரல் மீன்கொத்தி

பறவைக் கணக்கெடுப்பதுதான் அவள் வேலை. பதினோரு நாளாக ஓடைக்கரையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கழன்றுபோயிருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் அரிய பறவையான மூவிரல் மீன்கொத்தியை இங்கே பார்த்ததாக இரண்டு பேர் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஓடையை மூடிவிட்டுச் சாலை போடுவார்கள்.

இரண்டாவது ஆள் அவள் கொழுந்தன், ஜீப் ஓட்டுநர். வீட்டில் கைக்குழந்தை. ராத்திரித் தூக்கத்தைக் கண்டு மாதக்கணக்காகிறது. மரவேரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றரைக்கு அது வந்தது. கைப்பிடிக்குள் அடங்கிவிடும் உடம்பு. செக்கச்செவேலென்று அலகு, ஊதாத் தலை, கருநீலச் சிறகு, மஞ்சள் வயிறு. நிறத்தை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். சாதாரண மீன்கொத்திக்குக் காலில் நாலு விரல், இதற்கு மூன்றுதான். எண்ணினாள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

எழுப்பினால் இந்தத் தடியன் "என்ன அண்ணி?" என்று கத்துவான், பறந்துவிடும். எழுப்பாவிட்டால் சாட்சி இல்லை. கையை நீட்டியபோதுதான் அதன் அலகிலிருந்த குட்டிப் பல்லியைக் கவனித்தாள். பல்லியின் தலை வெளிப்பக்கம் நீண்டிருந்தது. தான் தின்பதென்றால் தலையை உள்பக்கமாக வைத்து விழுங்கியிருக்கும். அப்படியானால் இது குஞ்சுக்கு. கண்டிப்பாகத் திரும்பி வரும். கையை இழுத்துக்கொண்டாள்.

பறவை கரைச்சரிவிலிருந்த பொந்துக்குள் போய், வெளியே வந்து, மறைந்தது. அதன் பிறகுதான் அவனைக் கிள்ளினாள்.

"எழுந்திரு. அந்தப் பொந்தையே பாரு. வாயத் தெறந்தே, தொலைச்சிடுவேன்."

"எத்தனை விரல் அண்ணி? மறந்துபோச்சு."

"சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ எழுதினா அது சாட்சியே இல்ல. நீயே எண்ணு."

நாலு இருபதுக்கு மறுபடி வந்தது. அவள் பறவையைப் பார்க்கவேயில்லை. அவன் கண்கள் மறுபடி தூக்கத்தில் மூடிக்கொண்டுவிடுமோ என்ற பயத்தில் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதி, மடித்து நீட்டினான். தப்பாக எண்ணியிருப்பானோ என்ற பயத்தோடு பதினோரு நாள் அலுப்பும் சேர்ந்துகொள்ள, அதைப் பிரிக்கவே அவளுக்குக் கை வரவில்லை. கடைசியில் பிரித்துப் படித்தாள்.

"மூணு விரல். முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு. வாயில பூச்சி. வீட்ல புள்ள இருக்கும்போல, பாவம். தூங்காத மூஞ்சி."

அவள் தன் தாளில் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினாள்.

"ஜீப்ப நான் ஓட்டுறேன். நீ பின்னால படுத்துக்கோ."