காலி செய்யாத கூடை

சக்கரம் கழற்றும் ஸ்பேனரால் பெண்டாட்டியின் இடது மணிக்கட்டை உடைத்தவன், பதினைந்தே நாளில் அதே கம்பெனிக்கு அதே வேனை ஓட்டத் திரும்பி வந்துவிட்டான். "அது அவங்க குடும்ப விஷயம்மா. பெரிய வண்டி லைசன்ஸ் அவன்கிட்டதான் இருக்கு," என்று முதலாளி கையை விரித்துவிட்டார். கண்ணுகளா, இந்தக் கதை வாசற்படியிலேயே ரத்தத்தோடு நிற்கிறது. மனசு தாங்காதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அது, கட்டடங்களுக்குத் துப்புரவு ஆட்களை அனுப்பும் கம்பெனி. அடி வாங்கியவளும் அங்கேதான் வேலை பார்த்தாள். ஒல்லி உடம்பு, விருட்டென்று நுழைந்து விருட்டென்று மறைவாள். அதனால் எல்லோருக்கும் அவள் கீரி. மாவுக்கட்டைப் பிரித்த அன்றே ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்து, எல்லோருக்கும் மெயில் அனுப்புவதால் மெயிலக்கா என்று பேரெடுத்தவளிடம் வந்து நின்றாள்.

"அக்கா, அவன் கண்ணுல படாத இடமாப் போடுங்க. அடுத்த தடவை கை இல்ல, மண்டைதான்னு சொல்லி அனுப்பியிருக்கான்."

நகரத்தின் கடைசியில் இருந்த ஏழு மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் மெயிலக்கா அவளுக்கு வேலை போட்டாள். அந்த இடம் தெரிந்தது அவர்கள் இருவருக்கும், பிறகு கம்ப்யூட்டருக்கும்தான்.

கம்ப்யூட்டரில் ஒரு நீளப் பட்டியல் உண்டு. வரிக்கு ஒரு வேலை: யார், எந்தக் கட்டடம், எந்த மாடி, எத்தனை மணி. விடியற்காலையில் வரிக்கு ஒரு மெயிலாகத் தானே பறந்துவிடும். ஒருவருக்கே பத்து, பன்னிரண்டு வரும். "என் போன் கோழிப் பண்ணையாட்டம் கத்துது, எதைத்தான் படிக்கிறது?" என்று கண்ணாடி துடைக்கிறவர் சண்டைக்கு வந்தார். "ஆளுக்கு ஒரே மெயில். நாளைக்கே வேணும்," என்றார் சூப்பர்வைசர்.

கட்டங்களை ஒன்றோடொன்று கோத்துவிட்டால் வேலையைத் தானே வரிசையாகச் செய்யும் மென்பொருள் மெயிலக்காவுக்குப் பழகியதுதான். பட்டியலை எடு. முதல் ஆளின் வரிகளையெல்லாம் ஒரு கூடையில் போடு. கூடையை ஒரே மெயிலாக அவருக்கு அனுப்பு. அடுத்த ஆளுக்குப் போ. நாலே கட்டம். சரியாக வருகிறதா பார்க்க, தன் பெயரில் மூன்று வரியைப் பட்டியலின் தலையில் எழுதி, அந்த ஒரு ஆளுக்கு மட்டும் ஓட்டினாள். ஒரே மெயில், மூன்றே வரி, கச்சிதம். சந்தோஷமாக விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஆளுக்குப் போகுமுன் கூடையைக் காலி செய்யச் சொல்ல மறந்திருந்தாள், என் செல்லங்களா. முதல் ஆளுக்குக் கூடை எப்படியும் காலியாகத்தானே இருக்கும்? அதனால் அவளுக்கு வந்த மெயில் சரியாகத்தான் வந்தது.

காலை ஆறேகாலுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி துடைக்கிறவர் கூப்பிட்டார். "மெயிலக்கா, நான் ஒருத்தனா, இல்ல பதினேழு பேரா? கக்கூஸ் கழுவறது வரைக்கும் எனக்கே போட்டிருக்கீங்க!"

சிரித்தபடியே அவருக்குப் போன மெயிலைத் திறந்தாள். பதினேழு பேரின் வரிகளும் இருந்தன. அவர் பட்டியலில் பதினேழாவது ஆள். கீரி பதினொன்று. டிரைவர்கள் கடைசி. பேஸ்ட் நுரையைத் துப்பிவிட்டுக் கீரியின் எண்ணை அழுத்தினாள்.

கீரியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விடுவாள்; வேலை நேரத்தில் போன் அலமாரியில் பூட்டியிருக்க வேண்டும் என்பது அந்தக் கட்டடத்தின் சட்டம். வாசல் காவலாளியும் எடுக்கவில்லை. போட்டிருந்த உடையோடு வாடகை வண்டி பிடித்து, வழியெல்லாம் வண்டிக்காரரை விரட்டிக்கொண்டே போய் இறங்கினாள். கம்பெனி வேன் அடித்தளத்துக்கு இறங்கும் சரிவுப் பாதையின் குறுக்கே, கதவு திறந்தபடி உறுமிக்கொண்டு நின்றது. காவலாளி கூண்டின் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

கீழே சத்தம் கேட்டது. "கம்பெனியே விலாசம் அனுப்பி வெச்சிருக்குடி! ஒளியறியா?"

கீரி தூணுக்குப் பின்னால் இருந்தாள். புருவம் கிழிந்து ஒரு கண் மூடியிருந்தது. அவன் ஸ்பேனரைச் சுழற்றி அடித்தான். அவள் குனிய, தூணின் சிமென்ட் சிதறியது. மெயிலக்கா கையில் கிடைத்த அழுக்குத் தண்ணீர் வாளியால் அவன் முதுகில் அடித்தாள். திரும்பியவன் ஸ்பேனரின் பின்முனையால் அவள் வாயில் ஒரு குத்து விட்டான். இரண்டு பற்கள் தரையில் தெறித்தன. மல்லாந்து விழுந்தவளின் விலாவில் பூட்ஸ் காலால் மிதித்தான். உள்ளே ஏதோ முறிந்தது அவள் காதுக்கே கேட்டது.

அந்த ஒரு நிமிஷம் கீரிக்குப் போதும். தரை தேய்க்கும் பெரிய இயந்திரத்தை முடுக்கி, சுற்றும் தட்டோடு அவன் கால்மேல் தள்ளினாள். முடுக்கிய வேகத்தில் ஒயர் அவன் முழங்காலைச் சுற்றி இழுத்தது. ஈரத் தரையில் அவன் தலை மோதிய சத்தம் தேங்காய் விழுந்ததுபோல் இருந்தது. ஸ்பேனர் உருண்டு அவள் காலடிக்கே வந்தது.

"இந்தக் கைதானேடா?" என்றாள். மணிக்கட்டில் ஒரு அடி. எலும்பு நொறுங்கியது. "இந்தக் கைதானே?" இன்னொன்று. அவன் பன்றிபோல் அலறினான். மூன்றாவது அடிக்கு ஸ்பேனரைத் தலைக்கு நேராக ஓங்கினாள்.

மெயிலக்கா தவழ்ந்து வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "போதும்டி! இவனுக்காக நீ உள்ள போகணுமா? குடு அதை!"

"விடுக்கா! இந்த இடத்தை இவனுக்கு எந்த நாய் சொல்லுச்சு?"

"நான்தான்மா." ரத்தத்தோடு வார்த்தை வந்தது. "தெரிஞ்சு பண்ணல. அந்த மெயில்ல எல்லார் வரியும் கலந்துபோச்சு. உன்னுதும் அவனுக்குப் போயிடுச்சு."

கீரி ஸ்பேனரைக் கீழே போட்டாள். பிறகு மெயிலக்காவின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அடித்தளம் முழுக்க அது எதிரொலித்தது. அறைந்த கையாலேயே அவளைத் தாங்கிப் பிடித்துத் தூணில் சாய்த்து உட்கார வைத்தாள். "போன் வெச்சிருக்கியா? ஆம்புலன்சக் கூப்பிடு," என்றாள்.

அவனைப் போலீஸ் கொண்டுபோனது. மூன்று மாதத்தில் ஜாமீனில் வந்துவிடுவான் என்று வக்கீல் சொன்னார். விலாக்கட்டோடு ஆபீசுக்கு வந்த மெயிலக்கா முதல் வேலையாக ஐந்தாவது கட்டம் ஒன்றைச் சேர்த்தாள்: கூடையைக் காலி செய். கடைசி ஆளின் மெயில் வரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இப்போது அவரவர் வரி அவரவருக்குத்தான் போகிறது.

ஆனால் அந்தப் பட்டியலில் கீரிக்கு வரியே கிடையாது. தினமும் காலையில் பஸ் நிலையத்தின் தண்ணீர்க் குழாய் ஓரம் இருவரும் சந்திக்கிறார்கள்.

"கன்னம் இன்னும் வலிக்குதா?"

"வலிக்குது."

"நல்லா வலிக்கட்டும். இன்னைக்கு எங்க?"

மெயிலக்கா முன்னும் பின்னும் ஒரு தடவை பார்க்கிறாள். குனிந்து, கீரியின் காதில் மட்டும் சொல்கிறாள்.